பாதிச் சாட்சி

முதல்லயே சொல்லிடறேன் மேடம். அந்த வீடியோவை நீங்க பாக்கலைன்னா ரொம்ப நல்லது. பாத்திருந்தீங்கன்னா, அதை ஒரு ஓரமா வெச்சிட்டு நான் சொல்றதைக் கேளுங்க.

பாத்துட்டீங்களா? சரி. யார்தான் பாக்கலை. எங்க தெரு டீக்கடைக்காரன் பாத்துட்டான். என் சம்பந்தியம்மா பாத்துட்டு என் பொண்ணுகிட்ட, "இது உங்கப்பாதானே, ரொம்ப இளைச்ச மாதிரி தெரியறாரே"ன்னு கேட்டாங்களாம். வேற ஒரு வார்த்தை கேக்கலை. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல மேடம். இளைச்சுட்டாராம். எவ்வளவு அசிங்கமா இருந்துச்சு தெரியுமா?

என் பேரு கோதண்டபாணி. ஊரு மதுராந்தகம் பக்கம். இப்ப இருக்கறது மேடவாக்கம். பழைய மகாபலிபுரம் ரோட்டுல ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புல சூப்பர்வைசரா இருந்தேன். தாம்பரம் கோர்ட்டு வாசல்ல டைப் அடிக்கிற தனசேகர்தான் உங்க பேரைச் சொன்னான். வேலையை விட்டுத் தூக்கின கேஸுன்னா உங்ககிட்டதான் போகணும்னான். பொம்பளை வக்கீல்னு அவன் சொல்லலை. தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு அதுல ஒண்ணுமில்ல.

சூப்பர்வைசர்னா என்ன வேலைன்னு கேட்டீங்கன்னா, எல்லாம்தான். வாட்ச்மேனை மேய்க்கணும், கூட்டறவங்களை மேய்க்கணும், தண்ணி லாரி வந்தா நிக்கணும், நாய் எங்கயாவது போயி வெச்சா அதுக்கும் நான்தான் வந்து நிக்கணும். எனக்கு மேல அசோசியேஷன். அதுக்கு செகரட்டரி, விஸ்வேஸ்வரன் சார். பேங்க்ல பெரிய உத்தியோகம் பாத்து ரிட்டையர் ஆனவர். யாரையும் ஒருமையில பேச மாட்டார். அந்த மரியாதையைப் பாத்துத்தான் நான் ஏமாந்தேன்.

கீழ, கார் நிறுத்தற தளத்துல, ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னாடி ஒரு கக்கூஸ் இருக்கு. டிரைவருங்க, வாட்ச்மேனுங்க, வீட்டு வேலைக்கு வர்ற பொம்பளைங்க, எல்லாருக்கும் அந்த ஒண்ணுதான். அத்தனை பேர் போனா அது எப்படி இருக்கும்? நாத்தம்தான். கார்ல ஏறி கதவைச் சாத்தினாலும் உள்ள அடிக்குதுன்னு குடியிருக்கறவங்க மீட்டிங்ல கத்தினாங்க. கழுவறதுக்குத் தனியா ஒரு ஆள் போடலாம்னு நான் சொன்னேன். யாரும் காதுல வாங்கலை. மறுநாள் செகரட்டரி என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். "கோதண்டம், அதைப் பூட்டிடுங்க. வாட்ச்மேனுக்கு மட்டும் தொறந்து விடுங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்"னார்.

"பொம்பளைங்க எங்க சார் போவாங்க?"ன்னு நான் கேட்டேன் மேடம். சத்தியமாக் கேட்டேன். இதை நீங்க எழுதிக்கணும்.

"வேலை செய்யற வீட்லயே போகட்டும்"னார்.

எந்த வீட்லயும் விட மாட்டாங்க. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் வீட்லயே விட மாட்டாங்க. அந்த வீட்டுக் கக்கூஸைத் தேய்ச்சுக் கழுவறவளே அதுல போகக்கூடாது. அது என்ன நியாயமோ, அந்தப் பெரிய மனுஷங்களுக்குத்தான் வெளிச்சம். நான் பூட்டினேன். வேலைன்னு வந்துட்டா சொன்னதைத்தானே செய்யணும்?

எழுத்துல எதுவும் இருக்கான்னுதானே கேக்கறீங்க? இல்ல மேடம். நாய்க்கு வாய்க்கூடை போடணும்னா நோட்டீஸ் ஒட்டுவாங்க. நீச்சல் குளத்துல தொப்பி போடலைன்னா நோட்டீஸ் ஒட்டுவாங்க. இதை மட்டும் வாயால சொன்னார். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்.

அப்புறம் அந்தப் பொம்பளைங்க எப்படியோ சமாளிச்சுக்கிட்டாங்க. சில பேர் காம்பவுண்டுக்குப் பின்னாடி முள்ளுச் செடிப் பக்கம் போவாங்க. சில பேர் காலையில இருந்து தண்ணியே குடிக்காம வருவாங்களாம். நல்லதுதான், நடுவுல டீக்குன்னு வந்து நின்னு வம்பு பேச மாட்டாங்கன்னு அப்ப நினைச்சேன். அவங்களும் ஒண்ணும் பெரிசா சொல்லிக்கலை. சொல்லியிருந்தா நான் மேல போய்ப் பேசியிருப்பேன்.

பவுனம்மா மட்டும்தான் வந்து வந்து நிப்பா. வீடியோல இருக்கறது அவதான். அஞ்சாவது மாடி மைதிலி மேடம் வீட்ல வேலை. வயசு என் சம்சாரம் வயசு இருக்கும். "எனக்கு சக்கரை சார், அடக்க முடியலை"ம்பா. சக்கரை யாருக்கு இல்ல? எனக்கும்தான் இருக்கு. எனக்கு கிளப் ஹவுஸ் கக்கூஸ் இருந்துச்சு, அது வேற விஷயம். ஆனா நானும் மனுஷன்தானே. சில தடவை தொறந்து விட்டிருக்கேன். ஒரு தடவை தொறக்கறப்ப மைதிலி மேடம் கார்ல இருந்து பாத்துட்டாங்க. நேரா செகரட்டரிகிட்ட போன். யாரைப் பத்தி? அவங்க வீட்ல பாத்திரம் தேய்க்கிறவளைப் பத்தி! அவங்க வீட்லயே ஒரு கதவைத் தொறந்து விட்டிருந்தா முடிஞ்சது விஷயம். செகரட்டரி என்னைக் கூப்பிட்டு, "உங்களால முடியலைன்னா சொல்லுங்க கோதண்டம், வேற ஆள் பாத்துக்கறோம்"னு ரொம்ப மரியாதையாச் சொன்னார்.

அதுக்கப்புறம் நான் தொறக்கலை. பவுனம்மா செகரட்டரிகிட்டயே போய் நேராக் கேட்டா. தைரியம்தான் அவளுக்கு. நானும் அப்ப அந்த ரூம்லதான் நின்னேன். "நான்தாம்மா பூட்டச் சொன்னேன். ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்"னார். இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க மேடம். "நான்தான் பூட்டச் சொன்னேன்." இந்த வார்த்தையை அவர் வாயால கேட்டது ரெண்டே பேர். நான் ஒண்ணு, அவ ஒண்ணு.

வீடியோ எடுத்த அன்னிக்கு நவராத்திரி. கீழ லாபியில கொலு வெச்சிருந்தாங்க. வெளியில இருந்தெல்லாம் விருந்தாளிங்க. பட்டுப்புடவையும் மல்லிப்பூவுமா ஒரே கூட்டம். நான் சீரியல் பல்பு எரியலைன்னு ஏணியில நிக்கிறேன். பவுனம்மா கீழ வந்து, "சார், சாவி குடு சார்"ங்கறா. "இப்பவா? எத்தனை பேர் வந்திருக்காங்க பாரு, மேல போ"ன்னேன். போகலை. ஏணியைப் பிடிச்சுக்கிட்டு, "சார், சார்"ங்கறா. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. "உங்க மேடத்துகிட்ட போய்க் கேளு போ"ன்னு அதட்டினேன். லிஃப்ட்ல ஏறிப் போனா. வேலைக்காரங்க லிஃப்ட்ல அன்னிக்கு நாற்காலி ஏத்திக்கிட்டு இருந்தாங்க. அதனால குடியிருக்கறவங்க லிஃப்ட்ல போயிட்டா.

மேல மைதிலி மேடம் வீடு பூட்டியிருக்கு. அவங்க அதுக்குள்ள பூட்டிட்டு கீழ கொலுவுல பாட வந்துட்டாங்க. இவ என்ன பண்ணுவா? திரும்பி அதே லிஃப்ட்ல இறங்கினா. கதவு தொறந்தப்ப எதிர்ல சுண்டல் கிண்ணத்தோட எல்லாரும் நிக்கிறாங்க. இவ மூலையில ஒட்டிக்கிட்டு நிக்கிறா. தரையெல்லாம் ஈரம். புடவையெல்லாம் ஈரம்.

இப்பவும் மூக்குலயே நிக்குது மேடம். அந்த நாத்தம். அதுவும் ஊதுவத்தி வாசனையோட சேர்ந்து. ச்சீ.

கூட்டறவன் சாப்பிடப் போயிருந்தான். லிஃப்ட்டை யார் துடைக்கறது? நானா? அத்தனை பேர் என்னைத்தான் பாக்கறாங்க. செகரட்டரியும் அங்கதான் நிக்கிறார். கண்ணாலேயே 'என்னய்யா இது'ங்கறார். நான் மாப்பை எடுத்து அவ பக்கம் தள்ளி, துடைக்கச் சொன்னேன். ஏதோ கோவத்துல ஒரு வார்த்தையும் விட்டேன். மாப்பைக் காலால தள்ளின மாதிரி வீடியோல தெரியும். அது வீடியோ எடுத்தவன் பிடிச்ச கோணம். ஏன், காலால தள்ளினா என்ன, மாப்பைக் கையாலயா எடுத்துக் குடுப்பாங்க?

அவ குந்தி உக்காந்து துடைச்சா. அழலை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாப் போச்சு. அழுதிருந்தா நானே வாங்கித் துடைச்சிருப்பேன். நிதானமா, மைதிலி மேடம் வீட்டுத் தரையைத் துடைக்கிற மாதிரி மூலை முடுக்கெல்லாம் துடைச்சா. நின்ன அத்தனை பேர்ல ஒருத்தராவது "போதும், விடுங்க"ன்னு சொன்னாங்களா? ஒரு மேடம் முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு, "டெட்டால் ஊத்திடச் சொல்லுங்க"ன்னாங்க. அந்தக் குரல் வீடியோல இருக்கா? இல்ல. லிஃப்ட்டுக்குக் காத்திருந்த ஒரு பையன் அதை எடுத்து, சத்தத்தையெல்லாம் எடுத்துட்டு, சோகமா ஒரு வயலினை மேல போட்டு விட்டுட்டான். அந்த டெட்டால் மேடம்தான் அதுக்குக் கீழ, 'மனிதாபிமானமே செத்துவிட்டது'ன்னு முதல் ஆளா எழுதினாங்க. என் பொண்ணு காட்டினா. நான் போனைத் தூக்கி எறியாத குறை.

அப்புறம் டிவிக்காரங்க வந்தாங்க. விஸ்வேஸ்வரன் சார் மைக்கு முன்னாடி நின்னு, "இது ஒரு தனிப்பட்ட ஊழியரின் நடத்தை. எங்கள் குடியிருப்பின் பண்பாடு இது அல்ல"ன்னார். சுத்தத் தமிழ்ல சொன்னார் மேடம். என்கிட்ட அவர் அப்படித் தமிழ் பேசினதே இல்ல. அன்னிக்கு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, தவறான நடத்தை, நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டார். விசாரணை கிடையாது, என் பக்கம் என்னன்னு ஒரு கேள்வி கிடையாது. "சார், நீங்கதானே பூட்டச் சொன்னீங்க?"ன்னேன். "நான் பூட்டச் சொன்னேனா?"ன்னு என்னையே திருப்பிக் கேட்டார். முகத்துல ஒரு சுருக்கம் இல்ல. இத்தனை வருஷமா இந்த மனுஷனுக்கா நான் கார் கதவைத் தொறந்து விட்டேன்?

இன்னும் கேளுங்க. பவுனம்மாவைக் கூப்பிட்டு மேடையில உக்கார வெச்சு சால்வை போட்டாங்க. பழத்தட்டு குடுத்தாங்க. மைதிலி மேடம் அவளைக் கட்டிப் பிடிச்சு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. மறுவாரமே, "கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் பவுனு, பாக்கறவங்க எல்லாம் உன்னைப் பத்தியே கேக்கறாங்க"ன்னு நிறுத்திட்டாங்க. கக்கூஸுக்குப் புது டைல்ஸ் போட்டு, ரிப்பன் கட்டி, செகரட்டரி சம்சாரம் கையால வெட்டித் தொறந்தாங்க. இப்ப அதுக்கு ஒரு கார்டு வேணுமாம். கதவுல கார்டைக் காட்டினாத்தான் தொறக்கும். வேலைக்கு வர்ற பொம்பளைங்களுக்குக் கார்டு இன்னும் வரலையாம். வாட்ச்மேன் சொல்லிச் சிரிக்கிறான். இவங்க எல்லாம் மனுஷங்களா மேடம்? இவங்களுக்கு நடுவுல நான் ஒருத்தன்தான் தவறான நடத்தையா?

வீட்லயாவது நிம்மதி உண்டான்னா அதுவும் இல்ல. சுலோச்சனா, என் சம்சாரம், வீடியோவை ரெண்டு தடவை போட்டுப் பாத்தா. அப்புறம், "சாவி உங்க இடுப்புலதானே இருந்துது?"ன்னா.

"செகரட்டரி உத்தரவு அது, உனக்கென்ன தெரியும்?"னேன்.

"ஏணியில இருந்து இறங்கித் தொறந்து விட எவ்ளோ நேரம் ஆவும்?"

சட்டம் தெரியாத பொம்பளைகிட்ட என்னத்தைப் பேசறது. கட்டினவளே இப்படிக் கேக்கறான்னா ஊர்ல இருக்கறவனை என்ன சொல்ல? இப்ப சோத்தைப் போட்டு வெச்சுட்டு அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கறா. வேலைக்குன்னு எந்த ஏஜென்சிக்குப் போனாலும் முகத்தைப் பாத்ததுமே, "நீங்க அந்த லிஃப்ட் ஆள் இல்ல?"ங்கறான். இந்த வயசுல நான் வேற எங்க போறது?

அதான், வேலை திரும்பக் கிடைக்குதோ இல்லையோ, அந்த ஆள் பேரு வெளிய வரணும் மேடம். பூட்டச் சொன்னவர் பேரு. டைப் அடிக்கிற தனசேகர் சொன்னான், அதுக்கு சாட்சி வேணும்னு. வாட்ச்மேனுங்க எவனும் வர மாட்டான், அவனவனுக்கு வேலை முக்கியம். அப்ப யாரு? பவுனம்மா.

போனேன். போகப் பிடிக்கலை, ஆனாலும் போனேன். வாரியக் குடியிருப்புல மேல் மாடியில ஒத்தை ரூம் வீடு. ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன். மன்னிப்புக் கேக்கவான்னு கேக்கறீங்களா? ஒருத்தர் வீட்டுக்கு வெறுங்கையோடவா போறது, அதுக்குத்தான். அவ மருமக பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருந்தது. என்னைப் பாத்ததும் கத்தியோட எழுந்து நின்னுச்சு. பவுனம்மாதான், "உக்காரும்மா, சூப்பர்வைசரு"ன்னா. எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டா.

"உனக்கும் வேலை போச்சாமே?"ன்னு கேட்டா. என்னை இதுவரைக்கும் அவ நீன்னு சொன்னதில்ல மேடம்.

"போச்சு. உனக்கும் போச்சுன்னாங்க."

"ஸ்கூல்ல ஆயா வேலைக்குக் கேட்டேன். நீதான அந்த வீடியோன்றாங்க. இன்னா பண்றது, நீயும் வீடியோ, நானும் வீடியோ." சொல்லிட்டு சிரிச்சா. எனக்கு சிரிப்பு வரலை.

நான் விஷயத்தைச் சொன்னேன். செகரட்டரி பூட்டச் சொன்னதை அவ கோர்ட்டுல வந்து சொல்லணும்னேன். அவளுக்கும் நியாயம் கிடைக்கும்னேன். அவனுங்க நம்ம ரெண்டு பேரையும்தானே பழி வாங்கிட்டாங்கன்னேன். நம்ம ரெண்டு பேரும்னு சொன்னப்ப அவ என்னை நிமிர்ந்து பாத்தா. அப்புறம், "வரேன்"னா. யோசிக்கக்கூட இல்ல. "எந்தக் கோர்ட்டுன்னாலும் வரேன். நான்தாம்மா பூட்டச் சொன்னேன்னு அந்தாளு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. அதைச் சொல்றேன். அவருதான் மைக்ல நின்னு பொய் சொன்னாருன்னும் சொல்றேன்."

எனக்கு அப்படியே உடம்பு லேசாப் போச்சு மேடம். கையெடுத்துக் கும்பிடலாமான்னு இருந்துச்சு.

"நீ சொன்னதையும் சொல்வேன்"னா.

"நான் என்ன சொன்னேன்?"

"மாப்பைத் தள்ளிவிட்டு ஒண்ணு சொன்னியே, அதான். வீடியோல சத்தம் இல்ல. எனக்குக் கேட்டுச்சே."

"கோவத்துல ஏதோ வாய்க்கு வந்தது பவுனம்மா. எனக்கு ஞாபகம்கூட இல்ல."

"எனக்கு இருக்குது"ன்னா. அங்கயே, அந்த வார்த்தையை அப்படியே சொன்னா. குரலை உசத்தாம, கடையில சாமான் பேரு சொல்ற மாதிரி சொன்னா. அந்த மருமகப் பொண்ணு நறுக்கறதை நிறுத்திட்டுக் குனிஞ்சுக்கிச்சு. எனக்கு எங்க பாக்கறதுன்னே தெரியலை. சின்னப் பொண்ணு முன்னாடி சொல்ற பேச்சா அது? கொஞ்சமாவது கூச்சம் வேணாம்?

"அது எதுக்கு பவுனம்மா? கேஸு அதைப் பத்தி இல்லையே. பூட்டினதைப் பத்தித்தானே"ன்னு தணிஞ்சுதான் கேட்டேன்.

"கூப்பிட்டா முழுசாத்தான் சொல்வேன். பாதி சொல்றதுக்கு நான் வரல"ன்னுட்டா. ஆப்பிளைத் திருப்பிக் குடுக்கலை, வாங்கிக்கவும் இல்ல. அது பாட்டுக்கு ஸ்டூல் பக்கத்துல கிடந்துச்சு. நான் எழுந்து வந்துட்டேன். படி இறங்கறப்ப எனக்கு அவ்ளோ வெறுப்பா இருந்துச்சு. இவளுக்காக நான் எத்தனை தடவை ரூலை மீறித் தொறந்து விட்டிருக்கேன். அதைச் சொல்லணும்னு அவளுக்குத் தோணலை பாருங்க.

இப்ப என்ன செய்யலாம், நீங்கதான் சொல்லணும். விசாரணை இல்லாம நிறுத்தினது செல்லாதுன்னு சொல்றீங்க. சந்தோஷம். அவ வந்தா செகரட்டரி மாட்டுவார்ங்கறீங்க. அதைவிடச் சந்தோஷம். ஆனா கூண்டுல ஏறினவங்களைப் பாதியில நிறுத்த முடியாதுங்கறீங்க. எதிர்க்கட்சி வக்கீல் அதைத்தான் தோண்டித் தோண்டிக் கேப்பான்ங்கறீங்க. அப்ப அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவ சொல்லாம இருக்க சட்டத்துல வழியே இல்லையா மேடம்? அவளைக் கூப்பிடாமயே அவர் பேரை வெளிய கொண்டு வர முடியாதா?

முடியாதா.

அப்படி என்னதான் சொன்னீங்கன்னு கேக்கறீங்க. வக்கீல்கிட்ட மறைக்கக்கூடாது, அது எனக்கும் தெரியும். இல்ல, ஞாபகம் இருக்கு. இல்லைன்னு சொல்லலை. ஆனா மேடம், நீங்க படிச்சவங்க, என் பொண்ணு வயசு இருப்பீங்க. வெளியில வேற உங்க குமாஸ்தா உக்காந்திருக்கார். அந்த வார்த்தையைப் போய், வாய் கூசாம, ஒரு பொம்பளை மூஞ்சியைப் பாத்து நான் எப்படி மேடம் சொல்லுவேன்?